மீன் மருந்தும் வயிற்று ஊசியும்

ஐஸ் பெட்டியை அம்மா தூக்கக்கூட இல்லை, நகர்த்தத்தான் செய்தாள். காசிமேட்டு மீன் ஏலக்கூடத்தில் முதுகைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கிளினிக் மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "முதுகெலும்பு ஒண்ணு அமுங்கியிருக்கு. வயசாச்சில்ல" என்றார். அம்மாவுக்கு ஐம்பத்தாறு. மூக்கில் அடிக்கும் கால்சிடோனின் எழுதிக்கொடுத்தார். சால்மன் மீனின் சுரப்பைப் பார்த்துச் செய்த பெப்டைடு (சிறிய புரதத் துண்டு) அது.

"மீனோடதா? அப்போ நம்ம சாமான்டி," என்றாள் அம்மா.

ஆலையில் செய்வது என்றேன். காதில் ஏறவில்லை. வலி கொஞ்சம் குறைந்தது. சில மாதங்களில் இரண்டாவது எலும்பும் அமுங்கியது.

பெரிய மருத்துவமனையில், "மூணாவது உடைஞ்சா படுக்கைதான்" என்று சொல்லி, வீட்டிலேயே வயிற்றில் போட்டுக்கொள்ளும் டெரிபாரடைட் ஊசி எழுதினார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தத் திமிரோடு இரண்டு மருந்தையும் பற்றிப் படித்தேன்.

கால்சிடோனின் எலும்பை அரிக்கும் செல்களை அடக்கும். புதிதாக எதையும் கட்டாது. முறிவைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் குறைவு. நீண்ட நாள் போட்டவர்களிடம் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகத் தெரிந்ததால், சில நாடுகளில் எலும்புத் தேய்வுக்கு அதைக் கைவிட்டார்கள். டெரிபாரடைட், பாராதைராய்டு சுரப்பின் (ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தைக் காப்பது) ஒரு துண்டு. தினம் ஒருமுறை போட்டால் எலும்பு கட்டும் செல்களை எழுப்பும். ஆதாரம் வலுவானது. தலைசுற்றலாம். கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்களுக்கு ஆகாது. பொதுவாக இரண்டு ஆண்டுதான் தருவார்கள்.

கிளினிக்காரர் இதைப் படிக்காதது எனக்கு ஆச்சரியமில்லை. அவர் அம்மாவின் முகத்தையே பார்க்கவில்லை.

அம்மாவின் தம்பி வீடியோ பார்த்துப் படித்தவர். "அந்த ஊசில எலிக்கு கேன்சர் வந்துக்கீதாம். எங்கக்கா இன்னா எலியா?"

"எலிக்கு எவ்ளோ குடுத்தாங்கன்னு அந்த வீடியோக்காரன் சொன்னானா மாமா?"

"அது எனக்கு இன்னாத்துக்கு?"

"மனுஷனுக்குக் குடுக்கறதவிட பல மடங்கு. வாழ்நாள் பூரா. அப்படியும் மனுஷங்ககிட்ட அது கூடினதா தெரியல. சந்தேகம் அந்த மீன் மருந்துமேலதான்."

"நாலு எழுத்து படிச்சிகினு ரொம்பத்தான் பேசறா," என்றார் அம்மாவிடம்.

அம்மா என்னை ஒரு முறை பார்த்தாள். புடவையைத் தளர்த்தி வயிற்றைக் காட்டினாள். "குத்து. வலிச்சா கெட்ட வார்த்த வரும், சொல்ட்டேன்."

ஊசிக்காலம் முடிந்து, கட்டிய எலும்பைக் காக்க இப்போது வேறு மருந்து. மூன்றாவது எலும்பு உடையவில்லை. ஆனால் என் காதளவு இருந்தவள் தாடையளவு ஆகிவிட்டாள். போன உயரத்தை எந்த மருந்தும் தராது. புடவை தரையில் இழுபடாமல் ஒரு சுற்று கூடுதலாக இடுப்பில் மடித்துச் செருகிக்கொள்கிறாள். மீன் மருந்தில் போன மாதங்கள் எனக்கு இப்போது அந்த மடிப்பில்தான் தெரிகின்றன.