கை தூக்கி அனுப்பினார்கள்

என் வீட்டுக்காரருக்குப் பொன்மலை ரயில் பட்டறையில் லேத் வேலை. சோறு இல்லாமல்கூட இருந்துவிடுவார், சங்கம் இல்லாமல் இருக்க மாட்டார். அறுபதுகளின் தொடக்கத்தில் அந்தச் சங்கமே ஒரு கட்சியாயிற்று. பட்டறையின் ஒவ்வொரு பிரிவும் கை தூக்கி ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கும். அந்த ஆட்கள் கூடிக் கட்சியை நடத்துவார்கள். பட்டறையில் சம்பளம் வாங்குகிறவன் மட்டும்தான் உறுப்பினர். வக்கீலும் மிராசுதாரும் நுழைந்து தலைமேல் உட்காரக் கூடாதென்று அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே இவர்தான். அது நிறைவேறிய அன்று கேசரி கிண்டச் சொன்னார். கிண்டினேன். எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன்?

சட்டசபைத் தேர்தல் வந்தது. இவரை நிறுத்துவதென்று எல்லாரும் கை தூக்கினார்கள். ரயில்வே வேலையில் இருந்துகொண்டு தேர்தலில் நிற்க முடியாது, ராஜிநாமா செய்ய வேண்டும். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். சாயங்காலம் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

“எல்லாரும் கையைத் தூக்கிட்டாங்க. நான் எப்படி மாட்டேன்னு சொல்றது?”

“தூக்கின கையெல்லாம் நாளைக்கு நம்ம அடுப்புல உலை வைக்குமா?”

“சங்கம் கைவிடாதுடி.”

தோற்றார். டெபாசிட்டும் போயிற்று. தூக்கிய கை வேறு, முத்திரை குத்திய கை வேறு. எங்கள் தெருவிலேயே பாதிப் பேர் தங்கள் சாதிக்காரனுக்குப் போட்டார்களாம், பாவிகள்!

ஸ்ரீரங்கம் ரயிலடிக்குப் பின்னால் ஒற்றை அறைக்குக் குடிபோனோம். அவர் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினார், நான் அப்பளம் இட்டு விற்றேன். அதையெல்லாம் வாய் திறக்காமல் தாங்கினார். கட்சியின் அடுத்த கூட்டத்துக்கு வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். போன வேகத்தில் திரும்பி வந்தார். வாசலில் நின்றவன், இவரே சங்கத்தில் சேர்த்துவிட்ட ஆள், மறித்துவிட்டானாம்.

“அண்ணே, நீங்க இப்ப பட்டறை ஆள் இல்லீங்களே. உள்ள விட்டா சட்டம் என்னாகும்?” என்று கேட்டானாம்.

“பளார்னு ஒண்ணு விட்டுட்டு வர்றதுதானே!” என்று கத்தினேன்.

“அவன் சொன்னது சரிதான்” என்றார். வெளுத்த சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார்.

ஆனாலும் ஒரு கூட்டம் விடாமல் போனார். வெளியே ஜன்னலோரம் நின்று கேட்டுவிட்டு வருவார். போன மானம் போதாதா என்று நானும் சண்டை போட்டுப் பார்த்தேன். “திரும்பச் சேத்துக்குவாங்க, பாரு” என்பார். மழையிலும் நின்றார், பனியிலும் நின்றார். நெஞ்சில் சளி கட்டி, ஒரு மார்கழியில் போய்ச் சேர்ந்தார்.

உறுப்பினர் இறந்தால் உடல்மேல் கட்சிக் கொடியைப் போர்த்துவது அவர்கள் வழக்கம். செயலாளர் மடித்த கொடியோடு வந்து, “தங்கச்சி, நம்ம தோழருக்கு...” என்று ஆரம்பித்தார்.

“அவர் மெம்பர் இல்லீங்க. எடுத்துட்டுப் போங்க.”

செயலாளர் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போனார். வெறும் வேட்டியோடுதான் தூக்கினோம். அந்தக் கொடிமேல் அவருக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னேன். அவரே எழுந்து உட்கார்ந்திருந்தாலும், அவள் சொன்னது சரிதான் என்றுதான் சொல்லியிருப்பார். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என் வயிறு எரிகிறது.