வடமதுரைக்குக் கிழக்கே, கணக்கில் ஏறாத ஒன்பது வீடுகள்

ஜனத்தொகைக் கணக்கெடுக்கப் போகிற ஆசிரியர்கள் சிலர், "உங்கள் காலத்தில் எப்படிப் போனீர்கள்?" என்று கேட்டிருந்தார்கள். கேட்டது அவர்கள் தப்பு. எனக்குப் பேச ஆள் கிடைத்தால் சும்மா விடமாட்டேன். 1961 பிப்ரவரியில் நான் திண்டுக்கல்லில் கணக்கு வாத்தியார். வயது இருபத்து மூன்று. மொட்டைப்பாறைப் புதூர் என்ற பட்டியை என் தலையில் கட்டினார்கள். பட்டியலில் முப்பத்திரண்டு வீடு. "மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுவேன், பாருங்கள்" என்று ஆசிரியர் அறையில் சவால் விட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

போகிற இடத்தின் பிரிவுகளை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அன்றைக்குத் திண்டுக்கல் தனி மாவட்டம் இல்லை. மதுரை ஜில்லாவில் ஒரு தாலுகா. தாலுகாவுக்குள் பிர்க்கா, பிர்க்காவுக்குள் கிராமம், கிராமத்துக்குள் பட்டிகள். இது போதாதென்று பஞ்சாயத்து யூனியன் என்று புதிதாக வேறு வந்திருந்தது. கிணறு, பள்ளிக்கூடம், ரோடு எல்லாம் யூனியன் பார்த்துச் செய்வது. எந்த ஊருக்கு என்ன என்று கேட்டால் முதலில் தலைக்கணக்கைத்தான் புரட்டுவார்கள்.

காலை 6.40 பஸ். திண்டுக்கல்லிலிருந்து வடமதுரை பன்னிரண்டு மைல், டிக்கெட் ஐம்பது நயா பைசா. நடுவில் இரண்டு இடத்தில் தக்காளிக் கூடை ஏற்றியதில் 7.40 ஆகிவிட்டது. இரண்டு இட்லி, ஒரு டீ. அடுத்து வாடகை சைக்கிள், ஒரு நாளைக்கு முக்கால் ரூபாய். கடைக்காரர் என் முகத்தை நம்பாமல் கைக்கடிகாரத்தைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டார். ஆகவே இதற்கு மேல் நான் சொல்லும் நேரமெல்லாம் வெயிலைப் பார்த்துச் சொல்வது.

புதூருக்கு நாலு மைல் மண்பாதை. எதிரே வந்த வண்டிக்காரரிடம் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "இந்தா, இம்புட்டுத்தான். செத்த நேரத்துல போயிருவீக" என்றார். அந்தச் செத்த நேரம் முக்கால் மணி நேரம். பாதித் தூரம் சைக்கிள்தான் என்மேல் சவாரி செய்தது.

ஊருக்குள் நுழைந்ததும் கண் கூசியது. சுவரெல்லாம் பளிச்சென்று வெள்ளை. ஆறு மாதத்துக்கு முன்னால் ஆட்கள் வந்து, வீட்டுக்கு வீடு தாரால் எண் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த எண்ணை வைத்துத்தான் நான் வேலையைத் தொடங்க வேண்டும். ஒரு சுவரிலும் எண் இல்லை. முதல் வீட்டம்மாவிடம் கேட்டால் சிரிக்கிறார்: "பொங்கலுக்கு வெள்ளையடிச்சோம்ல சார். நல்ல நாளுல சுவத்துல தாரை வச்சுக்கிட்டு இருப்பாகளா?"

பெயரைக் கேட்டுக் கேட்டுப் பட்டியலோடு ஒட்டினேன். முப்பத்திரண்டு வீட்டில் ஏழு வீட்டுத் தலைவருக்குப் பெயர் பெருமாள். மண்டை காய்ந்துவிட்டது. அப்போதுதான் வண்டிப்பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு வரிசை வீடுகள் கண்ணில் பட்டன. அங்கேயும் வெள்ளைதான். ஆனால் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு முழச் சதுரத்தை மட்டும் அடிக்காமல் விட்டு, நடுவில் எண். 33 முதல் 41 வரை. என் பட்டியலோ 32-இல் முடிகிறது. எண்களும் ஒரு தினுசாக இருந்தன. மண்டியில் மூட்டைக்குப் போடுவதுபோல் ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம்.

"இது யார் எழுதியது?" என்று சத்தம் போட்டேன்.

41-ஆம் வீட்டிலிருந்து செல்லத்தாயி என்ற பெண் வந்தார். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். "எங்க வீட்டுக்காரருதான் எழுதுனாரு சார். மண்டியில மூட்டைக்கு நம்பர் போடுற வேலை."

"அரசாங்க எண்ணை நீங்களே எழுதிக்கொள்வதா? அது குற்றம் தெரியுமா?"

"தெரியும் சார். எழுத வந்தவுக இந்தப் பாதையோட நின்னுட்டாக. இது கெழக்கூருன்னாக. கெழக்கூருக்கு வந்தவுக, இது மேக்கூருன்னு போயிட்டாக. அப்ப நாங்க என்ன வானத்துலயா குடியிருக்கோம்? ஒன்றரை மைலு போயித் தோட்டக் கெணத்துல தண்ணி எடுக்கோம். யூனியன்ல கெணறு கேட்டா, எந்த ஊருத் தாள்ல இருக்கீகன்னு கேக்குறாக. இன்னைக்கு நீங்களும் விட்டுட்டுப் போனா, அடுத்து பத்து வருசம் கழிச்சுல்ல வருவீக?"

 பட்டியலோடு கொடுத்திருந்த எல்லைப் படத்தை விறைப்பாக விரித்துக் காட்டினேன். எல்லை வண்டிப்பாதை, அதைத் தாண்ட எனக்கு உரிமை இல்லை.

"எந்தப் பாதை சார்? இது நாலு வருசத்துப் பாதை. பழைய பாதையை ஓடை அரிச்சுக்கிட்டுப் போயிருச்சு. அதோட எல்லைக்கல்லு எங்க வீட்டுக்குப் பின்னால கெடக்கு. வந்து பாருங்க."

போனேன். வீடுகளுக்குப் பின்னால், ஆமணக்குச் செடிகளுக்குள் எல்லைக்கல். மண்ணைத் துடைத்தால் எண். என் படத்திலும் அதே எண், ஓரத்தில் சின்னதாக. ஒன்பது வீடும் கல்லுக்கு மேற்கே, என் எல்லைக்குள்தான் இருந்தன. படத்தைக் கையில் வைத்துக்கொண்டே பார்க்கத் தெரியாத கணக்கு வாத்தியார் நான். வெட்கமாகப் போய்விட்டது.

கம்பங்கூழும், வெஞ்சனமாகத் தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடும் கொடுத்தார்கள். பொழுது சாயும்வரை உட்கார்ந்து, அந்த ஒன்பது வீட்டு நாற்பத்தேழு பேரையும் எழுதினேன். சவாலில் தோற்றேன், சந்தோஷமாகத் தோற்றேன். மறுவாரம் மேற்பார்வை அதிகாரி வந்து கல்லைப் பார்த்தார். 33 முதல் 41 வரை அப்படியே இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டார். இரண்டு வருடத்தில் புதூருக்குக் கிணறு வந்தது.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள், கடிகாரத்தை அடகு வைக்காதீர்கள். பாதை இடம் மாறும், கல்லைத் தேடுங்கள். பட்டியல் முடிந்த இடத்தில் ஊர் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கடைசி வீட்டுக்கு அப்பாலும் நாலு எட்டு நடந்து பாருங்கள்.

அந்த வருடமே மார்ச் முதல் தேதி, இடையில் பிறப்பு இறப்பு உண்டா என்று பார்க்க மறுபடி போனேன். ஒன்பது வீட்டிலும் அந்தச் சதுரங்களைக் காணவில்லை. சுவர் முழுக்க ஈரம் காயாத வெள்ளை. "எண் எங்கேம்மா?" என்று பதறிப்போய்க் கேட்டேன்.

கையில் சுண்ணாம்பு மட்டையோடு நின்ற செல்லத்தாயி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதான் தாள்ல ஏறிருச்சே சார். இனி சுவத்துல எதுக்கு? எங்களுக்கு இன்னைக்குத்தான் பொங்கலு."