ஙா என்றால் மீன், ஙா என்றால் ஐந்து

சோடாக் கடை ரத்தினத்தின் மேல் எனக்குப் பொறாமை. எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். வாரா வாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களிடம் மறைத்து என்ன பயன்? எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். போன வாரத்திலிருந்து போலீஸுக்கும் தெரியும்.

ரத்தினம் என் எதிர்வீட்டுக்காரர். கீழே கடை, மேலே வீடு. மழைக்காலம் தொடங்கியபோது கடைக்கு டெலிபோன் வைத்தார். எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் டெலிபோன். பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிற என் வீட்டில் இல்லை. சோடா விற்கிறவர் வீட்டில் இருக்கிறது. கவர்னர் கூப்பிட்டு ஐஸ் கேட்கப் போகிறாரா என்ன?

அதோடு நின்றிருந்தால் நானும் மறந்திருப்பேன். ஆனால் மனுஷனுக்கு அதிர்ஷ்டம் பாருங்கள்... அவர் கடைக்கு வரும் கம்பியும் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும் கம்பியும் ஒரே கம்பத்தில் ஓடுகின்றன. மழையில் நனைந்தால் ஒன்றில் பேசுவது மற்றதில் கசிகிறது. ரத்தினம் ரிசீவரை எடுத்தால் போதும், போலீஸ்காரர்கள் பேசுவது காதில் விழுகிறது.

ரங்கூனில் இந்த மாதங்களில் மழை பெய்யாத நாள் ஏது?

அவ்வளவுதான், சோடாக் கடை சபையாகிவிட்டது. எந்தத் தெருவில் தீப்பிடித்தது, பசுண்டான் கால்வாயில் எந்தச் சம்பான் படகு கவிழ்ந்தது, காணாமல் போன குழந்தை எந்த ஸ்டேஷனில் உட்கார்ந்து அழுகிறது — எல்லாம் ரத்தினத்தின் வாயால் வரும். ஒரு காதில் ரிசீவர், ஒரு கை உயர்ந்திருக்கும், 'சத்தம் போடாதீங்க' என்று. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்கும். என் முகத்தை அப்படி யாராவது பார்த்ததுண்டா? என் மனைவி மங்களம்கூட அங்கேதான் நிற்பாள்.

எங்கள் ஆசிரியர் ஒருநாள் என் செய்திக் காகிதத்தை மேஜையில் போட்டுவிட்டுச் சொன்னார்: "என்னய்யா, நீர் எழுதிக் கொண்டு வர்றதெல்லாம் சோடாக் கடையில முந்தாநாளே கேட்டாச்சே."

வயிறு எரியுமா, எரியாதா?

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கசிவால் பிழைத்தவர்கள் உண்டு. முக்கியமாகத் தெருவோரம் கூடை வைத்து விற்கிற பெண்கள். நடைபாதையில் விற்கக் கூடாதென்று போலீஸ் லாரி வந்து ஆளையும் சாமானையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகும். இப்போது லாரி கிளம்புவதற்கு முன்பே ரத்தினம் குரல் கொடுத்துவிடுவார். லாரி வரும்போது தெரு துடைத்துவிட்டாற்போல் இருக்கும்.

அவர்களில் ஒருத்தி அம்மாக்கண்ணு. எங்கள் பஜார் மூலையில் வடை போடுகிறவள். புருஷன் டாலா பக்கம் மர மில்லில் கை நசுங்கி வீட்டோடு கிடக்கிறான். அந்த வீட்டுக்குச் சோறு போடுவது ஓர் அடுப்பும் ஓர் இரும்புச் சட்டியும்தான். "சட்டி போச்சுன்னா எங்க பொழப்பே போச்சுங்க" என்பாள். ரத்தினத்தைக் கண்டால் கும்பிடுவாள். முதல் வடை அவருக்குத்தான் போகும். எனக்கு? ஆறிப்போன பிறகு, கேட்டால்.

இப்படி இருக்கும்போது, ஒருநாள் திடீரென்று போலீஸ் பேச்சு மாறியது. நீளமாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒற்றை ஒற்றை வார்த்தையாகப் பேச ஆரம்பித்தார்கள். அதுவும் எப்படி? "லே... ஆற்றங்கரை... கோழி." கட். அவ்வளவுதான். சங்கேதம்.

யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று தெரு முடிவு கட்டியது. யார் என்று எவரும் சொல்லவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் சத்தியமாக வாயைத் திறக்கவில்லை. உள்ளே கொஞ்சம் சந்தோஷப்பட்டேன், அவ்வளவுதான். இனி ரத்தினத்தின் சபை கலைந்துவிடும் என்று நினைத்தேன். கலைந்ததா? இரண்டு மடங்காகப் பெருகியது. முன்பெல்லாம் கேட்டதைச் சொன்னவர், இப்போது கேட்டதற்கு அர்த்தம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "கோழின்னா யாரு? கூடையோட ஓடுதே, நம்ம பொம்பளைங்கதான்" என்றார். அன்று நாலு மணிக்கு லாரி ஆற்றங்கரைக்குத்தான் வந்தது. ஒரு கூடைகூட அகப்படவில்லை. சாதாரண சோடாக்காரர் அன்றிலிருந்து ஜோசியருக்கு மேலே போய்விட்டார்.

எனக்கு ஒரு சந்தேகம். போலீஸ் பேசுவதை ஊர் கேட்கலாமா? கேட்டால் திருடனும் கேட்பான், வாஸ்தவம். கேட்காவிட்டால்? ஊர் சும்மா இருக்காது, ஊகம் பண்ணும். சீமையில் கம்பியே இல்லாமல் பேசுகிற ரேடியோ வந்துவிட்டதாம். நாளைக்கு அது போலீஸ் கைக்கும் போகும். ஆகாயத்தில் போகிற பேச்சுக்கு எத்தனை பூட்டுப் போடுவார்களோ, எத்தனை ரத்தினங்கள் சாவி செய்வார்களோ... அது கிடக்கட்டும். ஊகம் என்ன செய்தது என்று சொல்கிறேன்.

போன வாரம் பிற்பகல். நல்ல மழை. கடை நிறைய ஆட்கள். ரத்தினம் காதில் ரிசீவர். கையை உயர்த்தினார். "ஙா... ஸே... கோழி" என்று மெதுவாகச் சொன்னார்.

பர்மிய பாஷை தெரியாத வாசகர்களுக்காக: 'ஸே' என்றால் பஜார். 'ஙா' என்றால் மீன். 'ஙா ஸே' என்று சேர்த்துச் சொன்னால் மீன் பஜார்.

"மீன் பஜாருக்குப் போறானுங்க. அம்மாக்கண்ணு, நீ தைரியமா அடுப்பை மூட்டு" என்றார் ரத்தினம். அவள் முகம் மலர்ந்துவிட்டது. அன்று கூலி நாள். கப்பல் ஜெட்டியில் மூட்டை தூக்கிவிட்டுத் திரும்பும் ஆட்கள் வடைக்கு வரிசையில் நிற்பார்கள்.

எனக்கு உறுத்தியது. பர்மிய பாஷையில் 'ஙா' என்றால் மீன் மட்டுமா? ஐந்தும் 'ஙா'தான். எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று. போன தடவை என்ன சொன்னார்கள்? முதலில் 'லே', அதாவது நாலு. லாரி வந்ததும் நாலு மணிக்கு. மணி முதலில், இடம் பிறகு. அப்படியானால் இது மீனே இல்லை. ஐந்து மணி, பஜார். எங்கள் பஜார்.

"ரத்தினம், அது மீன் இல்லை. ஙான்னா அஞ்சு. அஞ்சு மணிக்கு இங்கேதான் வரப் போறாங்க" என்றேன். உரக்கவே சொன்னேன்.

ரத்தினம் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமில்லை. பரிதாபம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மங்களம்தான் பேசினாள். "சும்மா இருங்களேன். அண்ணன் எது சொன்னாலும் உங்களுக்கு ஆகாது."

"பொறாமை, வேறென்ன" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். நான் அம்மாக்கண்ணுவைப் பார்த்து, "இன்னிக்கு ஒரு நாள் கடை போடாதேம்மா" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ரத்தினம் அண்ணே சொன்னா சரியா இருக்குங்க" என்றாள்.

ஐந்து மணிக்கு லாரி வந்தது. பஜார் மூலைக்கு.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். பார்த்தீர்களா, நான் சொன்னேனா இல்லையா என்று கடையைத் திரும்பிப் பார்த்தேன். ரத்தினம் ரிசீவரைப் பிடித்தபடி லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்க்க எத்தனை நாள் காத்திருந்தேன். ஆனால் அதற்குள் அம்மாக்கண்ணுவின் சட்டியைத் தூக்கி எண்ணெயைச் சாக்கடையில் கொட்டி லாரியில் எறிந்துவிட்டார்கள். அவளைப் பிடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. சட்டியை விட மனசில்லாமல் தானே ஏறி உட்கார்ந்துவிட்டாள். என் சந்தோஷம் அந்த இடத்திலேயே செத்துவிட்டது.

லாஞ்சா என்கிற கைரிக்‌ஷா பிடித்து ஸ்டேஷனுக்குப் போனேன். இரக்கம்தான். ரத்தினத்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்பதும் இருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் பர்மாக்காரர், தமிழ் நன்றாகப் பேசுகிறவர், 'ஐயா'வுக்கு மட்டும் பர்மிய 'ஸயா'தான் வரும். டெலிபோனில் யாருக்காகவோ காத்திருந்தார். நான் வாயைத் திறந்து, "அந்த வடைக்காரம்மா விஷயமா..." என்றதும் ரிசீவரைக் காதிலிருந்து இறக்கினார்.

"ஸயா, இந்தக் குரல் எனக்குத் தெரியும். 'ஙான்னா அஞ்சு' சொன்னது நீங்கதானே?"

அவர் கையிலிருந்த ரிசீவரைப் பார்த்தேன்.

"மழை உங்களுக்கு மட்டுமா பெய்யுது, ஸயா? நாங்க பேசுறது உங்களுக்குக் கேட்டா, நீங்க பேசுறது எங்களுக்குக் கேட்காதா? சோடாக் கடைச் சிரிப்பைக் கேட்டுத்தான் சங்கேதமே வெச்சோம். இன்னிக்கு நீங்க சரியாச் சொன்னதும் பயந்துட்டேன். லாரியை நிறுத்தலாமான்னுகூட நெனச்சேன்."

"ஏன் நிறுத்தலை?"

"அப்புறம் ஒருத்தர் 'பொறாமை'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. சரி, இவரை யாரும் நம்ப மாட்டாங்கன்னு அனுப்பிட்டேன்."

நான் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்ட முதல் மனிதர் அவர்தான். என்னை யாரும் நம்பாததால்தான் அவள் லாரியில் ஏறினாள் என்பதை நினைத்தால் அந்தப் பெருமையும் கசந்தது. 'என் கெட்ட பெயரால்தான் உங்கள் காரியம் நடந்தது, நீங்கள் எனக்குக் கடன்பட்டவர்' என்று சிரிக்காமல் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். அபராதம் வேண்டாம், எச்சரித்து அனுப்புகிறேன் என்று ஆளைக் கூப்பிட்டார்.

அம்மாக்கண்ணு உள்ளேயிருந்து வந்தாள். நசுங்கிய சட்டியைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது.

"ஐயா... ரத்தினம் அண்ணே அனுப்பினாங்களா?"

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் கையிலிருந்த ரிசீவரை இன்னும் கீழே வைக்கவில்லை. அதன் பக்கமாகக் குனிந்து, கொஞ்சம் உரக்கவே சொன்னேன்: "இல்லைம்மா. நானேதான் வந்தேன்."

சோடாக் கடை ரிசீவரில் தெளிவாகக் கேட்டதாம். அதற்கும் ரத்தினம்தான் அர்த்தம் சொன்னாராம்.