எனக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்டு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு கார்த்திகை மாதத்தில் நடந்தது இது. பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் மீனவக் கிராமம் எங்களுடையது. நான் அப்போது கல்லூரியில் கடைசி வருடம். காலையில் படகில் ஏரியைத் தாண்டி, பழவேற்காட்டில் பஸ் பிடித்துப் போய், பொழுது சாய்வதற்குள் திரும்பி வருவேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான். தெருவிலேயே கம்ப்யூட்டர் இருந்ததும் எங்கள் வீட்டில்தான். சென்னையில் ஓர் அலுவலகம் வேண்டாம் என்று கழித்த பழைய மிஷின். மீன் பெட்டிக்குள் பழைய வலையைச் சுற்றி வைத்துப் படகில் கொண்டு வந்தோம்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் நன்றாக விழும் இடம் ஒன்று உண்டு. ஆசைப்பட்டவர்கள் எல்லாம் அங்கே ஒரே நாளில் வலை கட்ட முடியாது. அதனால் வருடா வருடம் சீட்டுப் போட்டு, இன்று இவர், நாளை அவர் என்று முறை வைத்துக்கொள்வோம். இந்த முறைக்குப் பாடு என்று பெயர். அமாவாசை அன்று பாடு வந்தால் அவன் வீட்டில் எல்லோர் முகமும் மலர்ந்திருக்கும். அந்த இருட்டுக்கும் நீரோட்டத்துக்கும் அப்படி இறால் விழும்.

பாடு முறையை எழுதி வைத்த நோட்டு ஒரு மழையில் ஊறிப்போனது. ஊர்த் தலைவர் அதை என்னிடம் கொடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார். தேதி ஒரு பக்கம், பெயர் ஒரு பக்கம் என்று கட்டம் போட்டு அடித்து, பழவேற்காட்டில் பிரிண்ட் எடுத்து வந்து, வலை பின்னும் கூடத்தில் ஒட்டினேன். பிறகு யாருக்குச் சந்தேகம் வந்தாலும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். நான் இல்லாவிட்டால் பிளஸ் டூ படிக்கும் என் தங்கை திறந்து படித்துச் சொல்வாள்.

ஒரு நாள் அவள் விளையாட்டாக, அடுத்த வெள்ளிக்கிழமைக்கு நேராக எங்கள் தெரு நாயின் பெயரை அடித்து வைத்துவிட்டாள். நான் கவனிக்காமல் பிரிண்ட் எடுத்து ஒட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை பாடு நாய்க்கு என்று ஊரே சிரித்தது. தலைவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "அத்த பூட்டி வையி தம்பி" என்றார்.

அன்றே வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு, எனக்கென்று தனி யூசர் வைத்து பாஸ்வேர்டு போட்டேன். மற்றவர்களுக்குப் பொதுவாக இன்னொரு யூசர். அதில் படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், பாடு லிஸ்ட் இருக்கும் பக்கம் மட்டும் போக முடியாது. பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லவில்லை. என் அப்பாவிடம், நைனாவிடம்கூட. லிஸ்ட் பார்க்க வந்தவர்களெல்லாம் நான் வரும்வரை வாசலில் காத்திருந்தார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

"இன்னாண்ணா, நீ காலேஜ்லேருந்து வந்தாதான் ஊரே வலை கட்டணுமா?" என்று தங்கை கேட்டாள்.

அப்போது ஊரில் ஒருவருக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை கிடைத்து, பாடு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். லிஸ்ட்டில் அவருக்கு மிச்சமிருந்த ஒரே நாளை ஊருக்குப் பொதுவாக விடுவது என்று முடிவானது. நான் லிஸ்ட்டைத் திருத்திப் புதிதாக ஒட்டினேன். அமாவாசைக்கு நான்கு நாள் இருந்தது.

மறுநாள் காலை, என்னோடு எட்டாவது வரை படித்துவிட்டுக் கடலுக்குப் போய்விட்ட நண்பன் வீட்டுக்கு வந்தான். கையில் காலண்டர் தாள். அவன் மனைவி, சீட்டுப் போட்ட அன்றே அவனுடைய நாட்களைப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

"அமாவாசை எம்மொறை. லிஸ்ட்ல உங்க நைனா பேரு எப்டி வந்துச்சு?"

அந்த வருடம் முழுவதற்கும் அவனுக்கு விழுந்த ஒரே அமாவாசை அது. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது. "நீ சரியாப் படிச்சிருக்க மாட்ட, சாயங்காலம் பாக்கலாம்" என்றேன்.

அவன் முகம் மாறிவிட்டது. "எட்டாவது வரைக்கும் உம்பக்கத்துலதான்டா குந்தினு இருந்தேன். எம்பேரு எனக்குப் படிக்கத் தெரியும்."

சாயங்காலம் நான் படகை விட்டு இறங்கும்போதே கூடத்தில் ஊர் கூடியிருந்தது. தலைவர் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"அந்த மிஷின யாரெல்லாம் தொறக்கலாம் தம்பி?"

"நான் மட்டுந்தான்."

"உந்தங்கச்சி?"

"முடியாது."

"உங்க நைனா?"

"முடியாது."

இரண்டு மாதமாக எல்லோரிடமும் பெருமையாகச் சொன்ன பதில்கள்தான். வேறு யாரும் தொட முடியாது என்றால், மாற்றியது நான்தான். என் நைனாவுக்கு அமாவாசையைக் கொடுத்ததும் நான்தான். அங்கே இருந்த யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

தூண் ஓரமாக நின்றிருந்த நைனா என்னைப் பார்த்து, "பண்ணியாடா?" என்றார்.

"இல்ல நைனா."

நைனா ஊரைப் பார்த்துத் திரும்பினார். "எம்பையன் இல்லைன்றான். எனக்கு அது போதும். உங்களுக்குப் போதாது. மிஷின இங்க எடுத்தாரட்டும். எல்லார் எதிர்லயும் தொறக்கட்டும். அவன் வேணும்னு பண்ணான்னு தெரிஞ்சா, இந்த வருசம் பூரா எம்பாடு ஊருக்கு."

லிஸ்ட்டில் என்ன நடந்திருக்கிறது என்று எனக்கே தெரியாது. தெரியாத ஒன்றின் மேல் அவர் எங்கள் வீட்டுச் சாப்பாட்டைப் பணயமாக வைத்துவிட்டார்.

நண்பன் மானிட்டரைக் குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். நான் சிபியூ பெட்டியைத் தூக்கி வந்தேன். கூடத்தில் வயரைச் சொருகி பாஸ்வேர்டை அடித்தேன். முதல் முறை தப்பாகிவிட்டது. "மறந்துட்டானா, மறந்த மாரி நடிக்கிறானா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. இரண்டாவது முறை திறந்தது.

நண்பன் காலண்டரை மடியில் விரித்துக்கொண்டு, திரையில் ஒவ்வொரு பெயராக விரலால் தொட்டுக்கொண்டே இறங்கினான். பாதியில் விரல் நின்றது. கூட்டத்தில் இருந்த ஒருவரிடம், "மாமா, சீட்டுல உன் நாளு எது?" என்றான். அவர் சொன்னார். இன்னொருவரிடம் கேட்டான். மூன்றாவது ஆளிடமும் கேட்டான். எல்லோருக்குமே லிஸ்ட்டில் ஒரு நாள் முன்னதாக இருந்தது. அச்சிட்ட தாள் சொல்கிறதே, நமக்குத்தான் மறந்துவிட்டது போல என்று அவர்கள் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. துறைமுகத்துக்குப் போனவரின் பெயரை மட்டும் அழிப்பதற்குப் பதில் அந்தக் கட்டத்தையே அழித்திருக்கிறேன். அதற்குக் கீழே இருந்த பெயர்களெல்லாம் ஒரு படி மேலே ஏறிவிட்டன. தேதிகள் அப்படியே நின்றன. கடைசியில் ஒரு கட்டம் காலியாகத் தெரிய, 'பொது' என்று அங்கே அடித்துவிட்டேன்.

நான் வாய் திறக்கும் முன் நண்பன் எழுந்து என் நைனாவைப் பார்த்தான். "இவன் உங்க நாள மட்டும் ஏத்தல நைனா. ஊரையே மொத்தமா ஏத்தி வுட்டிருக்கான். திருடன் இல்ல, மடையன்."

கூடமே சிரித்தது. மடையன் என்ற சொல் அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நைனா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து தங்கையிடம் தண்ணீர் கேட்டார். ஒரு சொம்பைக் குடித்து முடித்து, இன்னொன்றும் கேட்டு வாங்கிக் குடித்தார். நான் வெளியே போய்விட்டேன்.

அமாவாசைக்கு நண்பனே வலை கட்டினான். அடுத்த நாள் அவனைத் தேடிப் போய், அன்று காலை அப்படிச் சொன்னது தப்புடா என்றேன். "எது, படிக்கத் தெரியாதுன்னியே, அதுவா? வுடு. உனக்குந்தான் அழிக்கத் தெரியல" என்றான்.

அதன் பிறகு பூட்டை எடுத்துவிடவில்லை, மாற்றி வைத்தேன். இப்போது பொது யூசரில் யார் வந்தாலும் லிஸ்ட்டைப் பார்க்கலாம். மாற்ற முடியாது. மாற்றுவதற்குத் தனிப் பாஸ்வேர்டு. அதில் முதல் பாதி எனக்குத் தெரியும், மறு பாதி நண்பனுக்குத் தெரியும். திருத்தம் இருந்தால், நான் ஊருக்கு வரும் நாளில் அவன் வலை வேலையை விட்டுவிட்டு வருவான். நான் என் பாதியை அடித்ததும், "அந்தாண்ட திரும்பு" என்பான். திரும்பிக்கொள்வேன். ஒற்றை விரலால் அவன் எழுத்து எழுத்தாகத் தேடி அடிக்கும் சத்தம் கேட்கும்.

இன்று சென்னையில் ஓர் அலுவலகத்தில் லிஸ்ட்டும் பாஸ்வேர்டுமாக இதே போன்ற வேலைதான் பார்க்கிறேன். எதையாவது எனக்கு மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும்போதெல்லாம், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, என் ஒரு வார்த்தையைத் தவிர வேறு எதுவும் கையில் இல்லாமல் நைனா தூணோரம் நின்றது நினைவுக்கு வரும். அப்படி இன்னொரு முறை அவரை நிற்க வைக்கக் கூடாது என்று, கூட ஒருவரை அழைத்து உட்கார வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறேன்.