போயிட்டு வாங்க

அந்த இஸ்திரிக் கடைக்காரரைத் தெருவே ‘ராக்கெட்’ என்றுதான் கூப்பிடும். மனிதர்கள் ஏறிய விண்கலம் கிளம்புவதை டிவியில் காட்டினால் போதும், வாயைப் பிளந்து நின்றுவிடுவார். அந்த மும்முரத்தில் எத்தனையோ பேருடைய சட்டைகள் தீய்ந்திருக்கின்றன. திட்டுகிறவர்கள் திட்டிவிட்டுப் போகட்டும். சொந்தக்காரர்களை வழியனுப்புவதுபோலத் திரையைப் பார்த்து, “போயிட்டு வாங்க” என்று சொன்ன பிறகுதான் இஸ்திரிப் பெட்டியைத் தொடுவார்.

“அவங்களுக்குக் கேக்கவா போகுது?” என்று மனைவி சிரிப்பாள்.

“கேக்காட்டி என்ன? சொல்லாம அனுப்பலாமா?”

யாரைக் கேட்டு முடிவெடுத்தார்களோ, மனிதர்களை விண்வெளிக்கு அனுப்பும் அந்தத் திட்டத்தையே இழுத்து மூடிவிட்டார்கள். கடைசியாகப் போனவர்கள் பத்திரமாகத் திரும்பிவிட்டார்கள். இனி யாரும் போகப்போவதில்லை. இன்று அந்தக் காலி விண்கலத்தை அருங்காட்சியகத்துக்கு இழுத்துப்போவதை டிவியில் காட்டினார்கள். அவர் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு நின்றார்.

மனைவிக்கு இன்று சிரிப்பு வரவில்லை. “என்னங்க, அதுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க” என்றாள்.

“போயிட்டு…” என்றார். “வா” மட்டும் அவர் வாயில் கடைசிவரை வரவே இல்லை.