கற்பூரம் காட்டிய மடிக்கணினி

கம்ப்யூட்டர் விற்கிற தொழிலில் முதலில் விலை போவது விற்கிறவளின் நிம்மதிதான். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு தடவை பெருமூச்சு விட்டுவிட்டு மேலே படியுங்கள். நான் நின்றது ஜாலான் புசார் என்கிற கடைத்தெருவில், ஒரு பக்கம் ஆணிக்கடை, மறுபக்கம் குழாய்க்கடை, நடுவில் எங்கள் கடை. எண்பதுகளின் நடுப்பகுதி. கப்பல் பட்டறையில் ஆள் குறைத்தபோது என் வீட்டுக்காரர் ஜேக்கப்புக்கு வேலை போய்விட்டது. எங்கள் வீட்டில் உலை கொதிக்க இந்த ஒரு வேலைதான். அதுவும் நிரந்தரமில்லை. "ரீட்டா, மூணு மாசம் பாப்பேன், பிடிச்சா கன்ஃபர்ம்" என்று தன் உடைந்த ஆங்கிலத்தில் சொல்லித்தான் தவுக்கே என்னை எடுத்தார். தவுக்கே என்றால் எங்கள் சீன முதலாளி. அவர் அதிகம் பேசமாட்டார். பார்ப்பார்.

ஒரே ஓர் எழுத்து

முதல் அதிர்ச்சி எங்கள் மாதா கோயில் ஆள் மூலமாகவே வந்தது. சவரிமுத்து அங்கிள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் எனக்கு முன் வரிசையில் உட்காருகிறவர். டியூஷன் சென்டர் வைத்திருந்தார். "நம்ம பொண்ணு வேலை செய்யற கடை" என்று பெருமையாக வந்து, ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, டாக்சியில் ஏற்றிக்கொண்டு போனார். சாயங்காலம் கடைக்குப் போன். குரலே சரியில்லை.

கம்ப்யூட்டரைக் கிளப்புகிற டாஸ் டிஸ்க்கைப் போட்டீர்களா என்றேன், போட்டேன் என்றார். திரையில் என்ன தெரிகிறது, ஒன்றும் தெரியவில்லை. நன்றாகப் பாருங்கள் அங்கிள், ஏதாவது தெரியும். மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வந்து பார்த்தார். கறுப்புத் திரையில் மூலையில் ஒரு 'ஏ', பக்கத்தில் ஓர் அம்புக்குறி, அவ்வளவுதான். அதுதான் அங்கிள், அது ரெடியாக இருக்கிறது, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன். டியூஷன் பிள்ளைகளும் அவரைச் சுற்றி நின்றிருக்க வேண்டும், போனில் நாலைந்து பேர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "இவ்வளவு பெரிய பொட்டியில ஒரு ஏ மட்டும்தான் இருக்கா, மத்த எழுத்தெல்லாம் எங்கம்மா?"

மாமனும் மச்சானும்

எங்கள் கடையில் ரிப்பேர் வேலை பார்த்தவர் கோபால். மெஷினைத் திறந்தால் ஊமை, வாயைத் திறந்தால் மூடமாட்டார். கம்ப்யூட்டரை ஓட்டுகிற புரோகிராமில் டாஸ் உசத்தியா, பழைய சிபிஎம் உசத்தியா என்று யாராவது கேட்டுவிட்டால் தொலைந்தது, கையில் இருக்கும் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிடுவார். ஒரு நாள் சிராங்கூன் ரோட்டில் டிராவல் ஏஜென்சி திறக்கப்போகிற ஒரு மாமனும் மச்சானும் வந்தார்கள். மச்சானுக்கு டாஸ்தான் வேண்டும், ஆபீஸ் ஆபீஸாக அதுதான் வைத்திருக்கிறார்களாம். மாமனுக்கு சிபிஎம், கூட்டாளி ஒருத்தர் சொன்னாராம், அடக்கமான சாமானாம். இதற்குள் கோபால், அமெரிக்காவிலிருந்து புதிதாக வந்திருக்கிற, திரையில் இருக்கிற படத்தை அம்புக்குறியால் தொட்டுத் தொட்டு வேலை வாங்குகிற மெஷினைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். அதில் ஒன்றும் டைப் அடிக்கவே வேண்டாம், குப்பைத்தொட்டி படம் கூட இருக்கும் என்றார்.

எனக்குத் திக்கென்றது. பெண் பார்க்க வந்த இடத்தில் மூன்றாவதாக ஒரு பெண்ணைக் காட்டியது போல ஆகிவிட்டது. மாமனும் மச்சானும் அதுவரை போட்ட சண்டையை மறந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒற்றுமை. மாமன் எழுந்தே விட்டார். "வாடா போலாம், குப்பைத்தொட்டி படம் போட்ட மெஷின்ல கணக்கு எழுதினா ஆடிட்டர் நம்மள என்ன நினைப்பாரு?"

தவுக்கே உள்ளே இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கோபாலை அல்ல, என்னை.

பத்திரமாக வைத்த டிஸ்க்

சவரிமுத்து அங்கிள் திரும்ப வந்தார். இந்த முறை கோபத்தோடு. அவருடைய கம்ப்யூட்டர் திறக்கவே மாட்டேன் என்கிறதாம், டிஸ்க்கை உள்ளே தள்ளினால் போகவே இல்லையாம். கொடுங்கள் பார்ப்போம் என்றேன். பையிலிருந்து எடுத்தார். பார்த்ததும் நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

அட்டை மாதிரி மெல்லிசான டாஸ் டிஸ்க்கை லாமினேட் பண்ணியிருந்தார்! மேலும் கீழும் பளபளவென்று பிளாஸ்டிக், நாலு ஓரமும் சூட்டில் ஒட்டி, மூலைகளை வட்டமாகக் கத்தரித்து. போட்டோகாப்பி கடைக்காரன் அவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தான். நம் ஊரில் எதைத்தான் லாமினேட் பண்ணாமல் விட்டோம்? பிறப்புச் சான்றிதழ், ஓ லெவல் பரீட்சை சர்ட்டிபிகேட், ஞானஸ்நான சீட்டு, எல்லாம் பிளாஸ்டிக்குக்குள்தானே இருக்கிறது. "அங்கிள், இது சுத்தணும், உள்ளே சுத்தினாத்தான் படிக்கும்" என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது. வருத்தத்தோடு கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மழை, ஈரம், பிள்ளைங்க கை, எல்லாத்துக்கும் சேத்துப் பாதுகாப்பு பண்ணினேனே, அதுக்குப் போயி வேலை செய்யாதா?"

தண்ணீர்த் திரை

அப்போதுதான் லேப்டாப் வந்தது. எங்கள் கடைக்கு முதல் லேப்டாப். முத்தையா அண்ணன் கேட்டதால் வந்தது. கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, கயிறு, பெயிண்ட் என்று சப்ளை செய்கிறவர் அவர். படகில் போய் நடுக்கடலில் நிற்கிற கப்பலில் ஏறி, அங்கேயே உட்கார்ந்து விலை போட்டுக் கொடுக்க ஒரு மெஷின் வேண்டும் என்றார். நான்தான் தவுக்கேயிடம் தைரியமாக "ஆர்டர் போடுங்க, இவர் கட்டாயம் எடுப்பார்" என்றேன். தவுக்கே பெட்டியைப் பிரித்துத் திரையைத் திறந்து, விரலால் தொடாமல் சுட்டிக்காட்டி, என் முகத்தைப் பார்த்து ஒரே வாக்கியம் சொன்னார்: "திஸ் ஒன் ஸ்பாயில், யூ நோ நீட் கம் ஒர்க்."

அந்தத் திரையை இப்போது உள்ள பிள்ளைகள் பார்த்தால் சிரிப்பார்கள். உள்ளே விளக்கே கிடையாது. பாசி பிடித்த கண்ணாடி மாதிரி பச்சையும் சாம்பலும் கலந்த நிறம், அதில் நீலமாக மங்கல் எழுத்து. நேராகப் பார்த்தால் தெரியாது. தலையைச் சாய்க்க வேண்டும், ஜன்னல் பக்கம் திருப்ப வேண்டும், ஓரத்தில் இருக்கிற திருகைத் திருக வேண்டும். முத்தையா அண்ணன் தினமும் வந்து பார்த்தார். வெயிலில் தெரியுமா, உப்புக் காற்றில் துருப்பிடிக்குமா, மூடும்போது கீறல் விழுமா என்று ஆயிரம் கவலை. அவரைச் சமாதானப்படுத்துகிறேன் பேர்வழி என்று கோபால் வாயைத் திறந்து, இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு மாதிரியான திரவம் இருக்கிறது, அதுதான் எழுத்தாகத் தெரிகிறது என்று விளக்கினார். அண்ணன் அரண்டுபோய்க் கையை எடுத்துவிட்டார். "உள்ள தண்ணியா இருக்குன்னா, கப்பல் ஆடும்போது தளும்பாதா?"

நல்ல நேரம்

ஒரு வழியாக எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். ஆனால் சும்மா எடுத்துப் போக முடியாதாம். புது லாரி வாங்கினாலும் புது பிரிட்ஜ் வாங்கினாலும் பூசை போட்டுத்தான் அவர்கள் வீட்டில் தொடுவார்கள். அன்றைக்கே அவர் ஒரு கப்பலுக்குப் போக வேண்டியிருந்தது. நல்ல நேரமோ மத்தியானம். அதனால் கடையிலேயே போட்டுவிடலாம் என்று அவர் மனைவி கமலம் அக்கா தட்டோடு வந்து இறங்கிவிட்டார். தவுக்கே மறுப்பார் என்று நினைத்தேன். அவர் கடை மூலையில் இருந்த தன் சிவப்புச் சாமி மாடத்தைக் காட்டி, "யுவர் காட் கம், மை காட் ஆல்சோ ஹாப்பி லா" என்று எங்கள் ஊர் வழக்கப்படி கடைசியில் ஒரு 'லா' போட்டுச் சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கோபால் காப்பி வாங்கப் போயிருந்தார்.

நான் பிறவிக் கத்தோலிக்கச்சி. எனக்கு இந்த முறையெல்லாம் தெரியாது, ஆனால் திரைக்கு என்ன ஆகக்கூடாது என்று நன்றாகத் தெரியும். கமலம் அக்கா சந்தனம் எடுத்ததும் "அக்கா, திரையில வேணாம், மூடியில வைங்க" என்று குறுக்கே பாய்ந்தேன். வைத்தார். விபூதியை ஊதப் போனார், தடுத்தேன். எலுமிச்சம்பழத்தை எடுத்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. சக்கரம் இல்லாததற்கு எங்கே வைத்து நசுக்குவது என்று புருஷனும் பெண்டாட்டியும் உண்மையாகவே யோசித்தார்கள்! பக்கத்தில் வைத்தால் போதும் என்று கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்தேன். அப்பாடா, முடிந்தது என்று நினைத்தபோதுதான் கற்பூரத்தை ஏற்றினார்.

மூன்று சுற்று சுற்றினார். பிறகு கண்ணைச் சுருக்கி, "எழுத்தே தெரியலையே தங்கச்சி" என்றபடி, வெளிச்சத்துக்காகத் தட்டைத் திரைக்குக் கிட்டே கொண்டு போனார். மேலே மேலே கிட்டே. நான் "அக்கா!" என்று கத்துவதற்குள் திரையின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. அது விரிந்தது. என் கண் முன்னாலேயே மை கொட்டியது போலப் பரவி, எழுத்தையெல்லாம் விழுங்கி, உள்ளங்கை அகலத்துக்குக் கன்னங்கரேலென்று நின்றது. "இயேசுவே!" என்று நான் அலறினேன். முத்தையா அண்ணன் "ஐயையோ முருகா!" என்றார். அக்கா தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். தவுக்கே கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது.

அக்காதான் முதலில் பேசினார். சாமிக்குக் காட்டும்போது கறுத்துப்போச்சு, இதைவிடக் கெட்ட சகுனம் வேண்டாம், இந்தச் சனியனை எடுக்கவே கூடாது என்று புருஷன் கையைப் பிடித்து இழுத்தார். அண்ணன் என்னைப் பார்க்கவே கூச்சப்பட்டார். வீட்டில் காலை பேப்பரில் வேலை விளம்பரத்தைப் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டிருக்கும் ஜேக்கப்பின் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அவருக்கு என்ன சொல்வேன், கற்பூரத்தில் வேலை போச்சு என்றா? கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. தவுக்கே கத்தவில்லை. கத்தியிருந்தால் கூடப் பரவாயில்லை. "ரீட்டா, டுமாரோ நோ நீட் கம்."

கறுப்பு போன வழி

நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன், வேறு எங்கே பார்ப்பது? அப்போது ஓரத்தில் ஏதோ மாறியது போல இருந்தது. அழுத கண்ணுக்கு அப்படித் தோன்றுகிறது என்று நினைத்துத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். கறுப்பு சுருங்கிக்கொண்டிருந்தது! ஓரத்திலிருந்து நடுவுக்கு, மெல்ல மெல்ல. விழுங்கிய எழுத்தெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. கடைசியில் ஒரு மிளகளவு புள்ளி, பிறகு அதுவும் இல்லை. திரை பழையபடி மங்கலாக, பாசி நிறத்தில், ஒன்றுமே நடக்காதது போல இருந்தது. விரலால் காட்டினேன்.

கமலம் அக்கா குனிந்து பார்த்தார். தட்டிப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வேறாகியிருந்தது. புருஷனை ஒரு அதட்டு அதட்டினார்: "பாத்தீங்களா, கடைக்கு வந்தவன் போனவன் கண்ணெல்லாம் பட்டுக் கெடந்த திருஷ்டி கறுப்பா வெளிய வந்து ஓடிப்போச்சு, கழிச்ச சாமானை விட்டுட்டுப் போவாங்களா, தூக்குங்க!"

அண்ணன் தூக்கிக்கொண்டு போய்ப் படகேறினார். அவர்கள் போனபிறகுதான் கோபால் காப்பி ஊற்றிக் கட்டிய பிளாஸ்டிக் பைகளை ஆட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்சம் கூட அதிர்ச்சியடையவில்லை, அதுதான் எனக்கு அதிர்ச்சி. சூடு பட்டால் அந்தத் திரவம் கறுக்கும், ஆறினால் தெளியும், அதிகம் சுட்டால்தான் கெடும் என்று பாடம் எடுத்தார். இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று நான் பாய்ந்ததற்கு, உறிஞ்சிய குழாயை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "யாரும் கேக்கலையே லா."

புது டிபார்ட்மெண்ட்

மறுநாள் போக வேண்டாம் என்று சொன்ன வேலைக்கு மறுநாள் போனேன். தவுக்கே என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் பக்கத்தில் ஒரு சீன வாடிக்கையாளர், டை கட்டியவர், அன்று காலை சப்ளையரிடமிருந்து வந்திறங்கிய இன்னொரு லேப்டாப்பைப் பார்க்க வந்தவர், திரை சீக்கிரம் கெட்டுப்போகும் என்று கேள்விப்பட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தவுக்கே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். எங்கள் மெஷின் நெருப்பு வைத்தாலும் கெடாது, நேற்று இந்தக் கடையிலேயே வைத்துப் பார்த்தோம், கறுத்துத் திரும்ப வரும் என்றார். அந்த மனிதர் நம்பவில்லை. தவுக்கே மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு பொட்டலம் கற்பூரம்! காலையில் கடை திறக்கும் முன்பே, நம் ஆட்கள் கடை வைத்திருக்கிற சிராங்கூன் ரோட்டுக்கு நடந்து போய் வாங்கி வந்திருக்கிறார்.

"தவுக்கே, வேண்டாம், ஒரு தடவை தப்பிச்சது போதும்" என்று நான் கையெடுத்துக் கும்பிடாத குறை. அவர் பொட்டலத்தை என் கையில் திணித்தார். தீப்பெட்டியையும் வைத்தார். "ரீட்டா, யூ கன்ஃபர்ம் ஆல்ரெடி, நவ் யூ டூ தி ஃபயர்."

இப்படியாக, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற நான், மற்ற நாளெல்லாம் கம்ப்யூட்டருக்குக் கற்பூரம் காட்டிச் சம்பளம் வாங்கினேன்.