பிரிக்காத கேசட்

தொண்ணூறுகளில் பெங்களூர் ஜீவனஹள்ளியில் எனக்கும் எதிர்வீட்டு ஆங்கிலோ இந்தியத் தோழிக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. எங்களுக்கு உயிரான அந்த ராக் குழு புது ஆல்பம் போட்டால், யார் கேசட் வாங்கினாலும் மற்றவள் வரும்வரை கண்ணாடித்தாளைப் பிரிக்கக் கூடாது.

குழுவில் டிரம்மர் மாறினார், கிட்டார் வாசிப்பவர் சண்டை போட்டுக்கொண்டு போனார், பாடகரின் குரல் கரகரத்துப் போனது. ஆனாலும் பாழாய்ப்போன அந்தக் குழு உடையவே இல்லை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஓர் ஆல்பம் வந்துவிடும். இரண்டே பேர் இருந்த எங்கள் கூட்டம்தான் கலைந்தது. அவள் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டாள்.

அடுத்த ஆல்பத்தை வாங்கி, போனுக்குப் பக்கத்து அலமாரியில் பிரிக்காமல் வைத்திருந்தேன். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றிருந்தாள். வரவில்லை. போன்தான் வந்தது.

“புது கேசட் கேட்டியாடி? கடைக்கு வந்த அன்னிக்கே நான் கேட்டுட்டேன். உனக்கு எந்தப் பாட்டு பிடிச்சுது?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கேசட்டை எடுத்துத் திருப்பி, கண்ணாடித்தாள் வழியே பின்னட்டையைப் பார்த்து, “மூணாவது பாட்டு” என்றேன்.

“நெஜமாவா? எனக்கும் அதேதான்டி!” என்று அங்கே துள்ளினாள்.

அந்தக் குழு இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது பாட்டு எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.